பால் கொடுத்து வளர்த்தால் ஓநாய் நாயாகுமா?

கேள்வி இது: நாய் ஓநாயிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் கண் திறக்காத ஓநாய்க் குட்டி ஒன்றை எடுத்துவந்து, புட்டிப்பால் கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்த்தால் அதுவும் நாய் மாதிரிதானே ஆகும்? ஆதி மனிதனும் அப்படித்தானே செய்திருப்பான்?

ஆகாது. ஆதி மனிதன் செய்ததும் அது இல்லை. குட்டி உங்கள்மேல் பாசம் வைக்கும், உங்களை அடையாளம் கண்டு ஓடிவரும். ஆனாலும் நாயாகாது. ஏன் என்பதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன். கால்நடை மருத்துவனாக இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, ஒரே வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முதலில் அந்தப் பால் விஷயம். வளர்ப்புதான் எல்லாம் என்றால், ஒரு முரட்டுத் தாயின் குட்டியைச் சாதுவான தாயிடம் விட்டு வளர்த்தால் அது சாதுவாக வேண்டும். இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஓநாயில் இல்லை, நரியில். சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959இல் திமீத்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் தொடங்கிய ஆய்வு. அவருக்குப் பின் லுத்மிலா த்ரூட் பல பத்தாண்டுகள் நடத்தினார். எடுத்துக்கொண்டவை ரோமத்துக்காகப் பண்ணைகளில் கூண்டில் வளர்க்கும் வெள்ளி நரிகள். நம்மூரில் பார்க்கிற நரி இல்லை இது, குளிர்நாட்டுச் செந்நரியின் கறுப்பு நிற வகை.

அவர்கள் பார்த்தது ஒரே ஒரு குணத்தை. கூண்டருகே ஆள் வந்து கையை நீட்டினால் நரி என்ன செய்கிறது? கடிக்கப் பாயாத, மூலையில் ஒடுங்காத நரிகளை, ஏறக்குறைய பத்தில் ஒன்றை மட்டும், அடுத்த தலைமுறைக்கு இணை சேர்த்தார்கள். பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக் கொஞ்சவும் இல்லை. ஆறு தலைமுறைக்குள் ஆளைக் கண்டால் வாலாட்டி முனகிக் கையை நக்கும் குட்டிகள் பிறந்துவிட்டன. பக்கத்திலேயே எதிர்த்திசையிலும் ஒரு வரிசை ஓடியது. அதில் சீறிப் பாயும் நரிகளை மட்டும் இணை சேர்த்தார்கள்.

பிறகு முரட்டு வரிசைத் தாயின் கருவை எடுத்துச் சாது நரியின் கருப்பையில் வைத்தார்கள். குட்டி சாதுவின் வயிற்றில் வளர்ந்தது, அவள் பாலைக் குடித்தது, அவள் வாலாட்டுவதைத் தினமும் பார்த்தது. வளர்ந்ததும் கூண்டுக்குள் கை நீட்டினால் சீறியது, கருவைக் கொடுத்த முரட்டுத் தாயைப் போலவே.

இந்த நரி ஆய்வைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் இதை மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். காட்டு நரியைப் பிடித்து ஐம்பதே வருடத்தில் நாயாக்கிவிட்டார்களாம். அந்த நரிகள் காட்டிலிருந்து வந்தவை இல்லை. அவற்றின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்தவை. பெல்யாயெவ் கைக்கு வருமுன்பே அவற்றில் வெள்ளைத் திட்டு விழுந்த நரிகள் இருந்ததைப் பழைய புகைப்படங்கள் காட்டுகின்றன. 2019இல் இதைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை வந்தது. ஆகவே தொங்கும் காதும் திட்டு நிறமும் சாதுத்தனத்தோடு தானாக ஒட்டிக்கொண்டு வந்தன என்பது இன்று சர்ச்சைக்குரியது. குணம் தலைமுறைத் தேர்வால் மாறியது என்பதில் சர்ச்சை இல்லை. நமக்கு இங்கே வேண்டியது அதுதான்.

இனி ஓநாய்க்கு வருவோம். ஹங்கேரியில், புடாபெஸ்ட்டின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார்கள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஓநாய்க் குட்டிகளை ஆளுக்கு ஒன்றாக மாணவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே வைத்திருக்க வேண்டும். மார்பில் பையைக் கட்டி அதற்குள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள், பேருந்தில் போனார்கள், இரவில் தங்கள் படுக்கையிலேயே படுக்க வைத்தார்கள். மூன்று நான்கு மாதம் இப்படி. ஒப்பிட்டுப் பார்க்க நாய்க்குட்டிகளையும் இதே முறையில் வளர்த்தார்கள். எந்த ஓநாய்க்கும் இதைவிடப் பாசமான வளர்ப்பு கிடைத்திருக்காது.

சில வாரத்திலேயே வேறுபாடு தெரிந்தது. மேசைமேல் சாப்பாடு இருந்தால் ஓநாய்க் குட்டிக்கு அது வேண்டும். "வேண்டாம்" என்று அதட்டினால் நாய்க்குட்டி ஒரு கணம் தயங்கி முகத்தைப் பார்க்கும். ஓநாய்க் குட்டிக்கு அந்த அதட்டல் ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிவிட்டால் திரும்ப வரும், இழுத்தால் கடிக்கும். வளர்த்தவர் மேல் கோபமோ வெறுப்போ அதற்கு இல்லை. தான் நினைத்ததை விட்டுக்கொடுக்க ஒரு காரணம் அதன் மனதில் இல்லை.

அந்தக் குழு 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்றைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது. கம்பிக் கூண்டுக்குள் இறைச்சித் துண்டு, அதில் கட்டிய கயிற்றின் நுனி வெளியே. கயிற்றை இழுத்தால் இறைச்சி வரும். நாயும் ஓநாயும் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டன, திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு கயிற்றை உள்ளே அசையாமல் கட்டிவிட்டார்கள். இப்போது எவ்வளவு இழுத்தாலும் வராது. நாய் இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, பின்னால் நிற்கும் வளர்த்தவரின் முகத்தைப் பார்த்தது. கூண்டைப் பார்க்கும், முகத்தைப் பார்க்கும், மறுபடி கூண்டு. வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பார்வை தெரியும். கட்டிலுக்கு அடியில் பந்து போய்விட்டால் வருமே, அதே பார்வை. ஓநாய்கள் பெரும்பாலும் திரும்பவே இல்லை, கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தன. தம்மை மார்பில் கட்டிச் சுமந்த ஆள் பின்னாலேயே நிற்கிறார். அவரிடம் உதவி கேட்கலாம் என்பது அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோன்றவில்லை.

வளர்ப்புப் போதாமல் இப்படி ஆகியிருக்குமோ என்று கேட்பவர்களுக்கு 2021இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வைக் காட்டலாம். 37 ஓநாய்க் குட்டிகள், 44 நாய்க்குட்டிகள். பத்து நாள் வயதிலிருந்து ஓநாய்க் குட்டிகள் மனிதர் கையில் உண்டு, மனிதரோடு உறங்கின. நாய்க்குட்டிகளோ தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தன, மனிதரை அவ்வளவாகப் பார்த்ததே இல்லை. அதாவது ஓநாய்க்குத்தான் சாதகம். அப்படியும் முன்பின் தெரியாத ஆளிடம் நெருங்கிப் போகும் வாய்ப்பு நாய்க்குட்டிகளுக்கு முப்பது மடங்கு அதிகமாக இருந்தது. விரலால் சுட்டிக்காட்டிய கிண்ணத்துக்குப் போவதிலும் நாய்க்குட்டிகளே முன்னணி. யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை இது, பிறவியிலேயே வந்தது.

இதற்கு அடியில் ஒரு எளிய உயிரியல் காரணம் உண்டு. குட்டி தன் உலகத்தை "இது பழகியது, பயமில்லை" என்று பதிந்துகொள்ளும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. நாய்க்குட்டி நான்கு வார வயதில் எழுந்து நடந்து ஆராயத் தொடங்கும்போது அதற்குக் கண்ணும் தெரியும், காதும் கேட்கும். ஓநாய்க் குட்டி இரண்டு வாரத்திலேயே கிளம்பிவிடுகிறது. அப்போது அதற்குப் பார்வையும் இல்லை, காதும் இல்லை, மூக்கு மட்டுமே. பழகிக்கொள்ளும் ஜன்னலின் பெரும்பகுதியை அது வாசனையை மட்டும் வைத்தே கடக்கிறது. கண்ணும் காதும் திறந்தபின் வரும் ஒவ்வொரு காட்சியும் ஒவ்வொரு சத்தமும் அதற்குப் புதிது, ஆகவே பயம். குக்கர் விசில், மிக்சி, அழைப்பு மணி, குடை விரிப்பது, தீபாவளி எல்லாமே. ஓநாயின் பெரிய பிரச்சினை மூர்க்கம் என்று நினைக்கிறோம். ஓநாய்களை வளர்த்தவர்கள் சொல்வது வேறு, அது பயந்த பிராணி. பயந்த பிராணியின் வாயில் எலும்பை உடைக்கும் பல் இருப்பதுதான் சிக்கல்.

இவ்வளவையும் சொன்னபின், ஓநாய்க்கு அன்பே தெரியாது, அறிவே இல்லை என்று நீங்கள் முடிவு கட்டினால் அது தவறு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் கையால் வளர்த்த 13 ஓநாய்க் குட்டிகளிடம் பந்து வீசிப் பார்த்தார்கள். எட்டு வார வயதில் அவற்றில் மூன்று, முன்பின் பழகாத ஆள் கூப்பிட்டதும் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தன. 2020இல் இது வெளியானபோது ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை என்றார்கள். மற்றவை பந்தைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டன. எனக்கு இந்த மூன்று குட்டிகள் மிகவும் முக்கியமானவை. மனிதனோடு விளையாடும் விருப்பம் ஓநாய்க் கூட்டத்தில் எங்கோ சிலவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அவை காட்டுகின்றன. தேர்வுக்குக் கச்சாப் பொருள் அதுதான்.

ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற ஊரில் ஓநாய் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. அங்கே ஓநாய்களையும் நாய்களையும் ஒரேபோலக் கையால் வளர்த்து, ஒரேபோலக் கூட்டமாக வேலிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு விலங்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தட்டு நகரும் என்று ஒரு சோதனை. ஓநாய்கள் இதில் பலமுறை ஜெயித்தன. நாய்கள் ஏறத்தாழ முழுவதுமாகக் கோட்டைவிட்டன, ஒன்று இழுக்கும்போது மற்றது ஒதுங்கி நின்றது. பிறகு ஜோடியாக மனிதனை வைத்தபோது இரண்டுமே வெற்றி பெற்றன, ஆனால் விதம் வேறு. ஓநாய் தானே முன்னால் போய்க் கயிற்றை எடுத்தது, மனிதன் வந்து சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நாய் நின்று, மனிதன் எங்கே போகிறான் என்று பார்த்து, பின்னாலேயே போனது.

நாயை ஓநாயின் மேம்பட்ட வடிவம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஓநாய் சமமான கூட்டாளியாக வேலை செய்யும். உங்கள் வீட்டுக்குக் கூட்டாளி வேண்டுமா, சொன்னதைக் கேட்கும் ஒன்று வேண்டுமா என்பதுதான் கேள்வி. நடு இரவில் கதவைத் திறக்கவா வேண்டாமா என்று விவாதிக்கும் கூட்டாளியை எத்தனை பேர் தாங்குவார்கள்?

பிரச்சினை பெரிதாவது குட்டிப் பருவத்தில் இல்லை. யூடியூபில் வரும் ஓநாய் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் எடுத்தவை. இரண்டு வயதை ஒட்டி ஓநாய் இனமுதிர்ச்சி அடைகிறது. காட்டில் அந்த வயதில் அது பெற்றோரின் கூட்டத்தை விட்டுத் தனியே போகும், அல்லது கூட்டத்துக்குள் தன் இடத்தைச் சோதித்துப் பார்க்கும். வீட்டில் போக இடமில்லை, சோதித்துப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள். நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஆண் நாய்க்குக் காலமே கிடையாது. ஓநாய்க்கு ஆணோ பெண்ணோ வருடத்தில் ஒரே பருவம்தான், அந்த மாதங்களில் நேற்றுவரை மடியில் தலைவைத்துப் படுத்தது இன்று உங்களை எதிராளியாகப் பார்க்கும். நீங்கள் நொண்டி நடந்தாலும், தடுக்கி விழுந்தாலும், காய்ச்சலில் தள்ளாடினாலும் அதற்கு உடனே தெரியும். குழந்தை அழுதுகொண்டு ஓடினால் இன்னும் மோசம், அது வேட்டை உணர்வைத் தூண்டிவிடும்.

2012இல் சுவீடனின் கோல்மோர்டன் விலங்குக்காட்சி சாலையில் பராமரிப்பாளர் ஒருவரை ஓநாய்கள் கொன்றன. குட்டியிலிருந்து மனிதர் கைப்பட வளர்த்துப் பழக்கிய ஓநாய்கள் அவை. 1996இல் கனடாவின் ஒண்டாரியோவில் ஹாலிபர்ட்டன் காட்டு மையத்தில் அடைப்பில் இருந்த ஓநாய்கள் புதிதாகப் பணிக்கு வந்த இளம்பெண்ணைக் கொன்றன. இப்படி நடப்பது அபூர்வம், அதையும் சொல்ல வேண்டும். ஓநாயோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் மெர்ட்ஸிக் ஊரில் வெர்னர் ஃப்ராய்ண்ட் என்பவர் பச்சை இறைச்சியைத் தன் வாயில் கவ்விக் கொடுத்து ஓநாய்களோடு பழகினார், 2014இல் இறக்கும்வரை அவர் வாழ்க்கையே அதுதான். ஆனால் அவர் ஓநாயை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வேலிக்குள் போய் ஓநாய் மாதிரி நடந்துகொண்டார், ஏக்கர் கணக்கில் காடு வைத்திருந்தார். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் நடக்கிற காரியமா?

வேலி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓநாய் மண்ணைத் தோண்டும், ஆளுயர வேலியைத் தாண்டும், தாழ்ப்பாளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். சோபா, மெத்தை, கார் இருக்கை எல்லாம் துண்டு துண்டாகும், தன் எல்லையைச் சிறுநீரால் குறித்துக்கொண்டே இருக்கும். தினம் இரண்டு மூன்று கிலோ இறைச்சி வேண்டும், எலும்போடு. மருத்துவனாக எனக்கு இன்னொரு கவலை, வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்கு ஒப்புதல் பெற்ற ஊசிகள் இருக்கின்றன. அமெரிக்காவில்கூட ஓநாய்க்கும் ஓநாய்க் கலப்புக்கும் என்று உரிமம் பெற்ற ஊசி கிடையாது, போட்டாலும் சட்டப்படி போடாத கணக்குத்தான். அது யாரையாவது கடித்தால் அந்த விலங்கின் கதி என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் முதலில் நாய் எப்படித்தான் வந்தது?

இன்று உலகில் திரியும் எந்த ஓநாயும் நாயின் நேர் மூதாதை கிடையாது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நாயும் இன்றைய சாம்பல் ஓநாயும் பனியுகத்து ஓநாய்களிலிருந்து பிரிந்த கிளைகள், நாய்க்கு மூதாதையான அந்த ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது. கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளில் ஐரோப்பா, சைபீரியா, வட அமெரிக்கா என்று பல இடங்களில் வாழ்ந்த 72 பழைய ஓநாய்களின் மரபணுவை ஆராய்ந்து 2022இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நாய்கள் மேற்கு ஐரோப்பிய ஓநாய்களைவிடக் கிழக்கத்திய, சைபீரியப் பக்கத்து ஓநாய்களுக்கு நெருக்கம் என்று தெரிந்தது. ஆனால் அந்த 72இல் ஒன்றுகூட நேர் மூதாதை இல்லை. ஆக இன்றைய ஓநாயைப் பிடித்து வளர்ப்பவர், ஆதி மனிதன் தொடங்கிய இடத்திலிருந்துகூடத் தொடங்கவில்லை. இன்றைய ஓநாய்கள் மனிதனின் துப்பாக்கி, விஷம், பொறி எல்லாவற்றிலும் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள். மனிதனை நம்பியவை பிள்ளை பெறுமுன் செத்துப்போயிருக்கும்.

எப்படி நடந்தது என்பதில் மூன்று கதைகள் உலாவுகின்றன. குட்டியைத் திருடி வளர்த்தார்கள் என்பது பழைய கதை. ஒரு குட்டியை வளர்க்கலாம், அது முதிர்ந்ததும் காட்டுக்கு ஓடிவிடும், அடுத்த தலைமுறைக்கு எதுவும் சேராது. வேலி இல்லாத, சங்கிலி இல்லாத நாடோடிகள் ஓநாயை யாரோடு இணை சேர்க்கிறது என்று எப்படிக் கட்டுப்படுத்தியிருப்பார்கள்? இரண்டாவது, ஊர்க் குப்பைமேட்டைச் சுற்றிவந்த ஓநாய்களில் பயம் குறைந்தவை அதிகம் தின்று அதிகம் பெருகி, தம்மைத் தாமே பழக்கிக்கொண்டன என்பது. தர்க்கம் எனக்குப் பிடிக்கும், ஆனால் காலம் இடிக்கிறது. நாய் வந்தபோது ஊரே கிடையாது, வேளாண்மைக்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே நாய் இருந்தது.

மூன்றாவது, பின்லாந்திலிருந்து 2021இல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மனித உடலால் இறைச்சியின் புரதத்தை மட்டும் வைத்து வாழ முடியாது. மொத்தச் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குமேல் புரதத்திலிருந்து வந்தால் கல்லீரல் திணறும். பனியுகத்துக் கடுங்குளிரில் வேட்டை விலங்குகள் மெலிந்து கொழுப்பில்லாமல் இருந்திருக்கும். கொழுப்பையும் மஜ்ஜையையும் மனிதன் எடுத்துக்கொண்டபின் கொழுப்பற்ற சதை மிஞ்சியிருக்கும். ஓநாய்க்கு அந்தத் தொல்லை இல்லை, மாதக்கணக்கில் வெறும் சதையைத் தின்று வாழும். ஒரே இரையை நம்பிய இரண்டு வேட்டைக்காரர்களுக்கு இடையே, வருடத்தின் மிக மோசமான மாதங்களில், போட்டி இல்லாமல் போனது. கூடாரத்தைச் சுற்றி ஓநாய்கள் இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. இது உறுதியான முடிவு இல்லை, கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு வாய்ப்பு. ஆனால் குட்டியைக் கொஞ்சினார்கள் என்பதைவிட நம்பும்படியாக இருக்கிறது.

கொஞ்சவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கல் குவாரி வேலையாட்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஓர் இளம்பெண், கூடவே ஒரு விலங்கின் எலும்புகள். சுமார் 14,000 ஆண்டுப் பழைமை. அந்த எலும்புகள் நாயுடையவை என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. இதைவிடப் பழைய எலும்புகளை, முப்பதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவற்றைக்கூட, நாய் என்று சிலர் சொல்வதுண்டு, ஆனால் அவற்றில் ஒருமித்த கருத்து இல்லை. ஓபர்காசல் நாயில் சந்தேகப்படுபவர் இல்லை.

2018இல் லூக் ஜான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அதன் பல்லைப் பார்த்தார். எனாமலில் குறுக்கே கோடுகள், குறைகள். வளரும் பல்லில் கடுமையான நோய் விட்டுச்செல்லும் தழும்பு அது. இறந்தபோது வயது ஏழு மாதம் இருக்கலாம், அதற்கு முன் சில வாரங்கள் விட்டுவிட்டு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தாக்கியிருக்கிறது என்று அவர் கணித்தார். டிஸ்டெம்பர் வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாந்தி, பேதி, கண்ணிலும் மூக்கிலும் சளி, பிறகு வலிப்பு. இன்றைக்கும் ஊசி போடாத குட்டிகள் எங்களிடம் வரும்போது குளுக்கோஸ் ஏற்றியும் பாதிக்குமேல் காப்பாற்ற முடிவதில்லை. அப்படி ஒரு குட்டி அந்தக் காலத்தில் முதல் தாக்குதலைத் தாண்டிப் பல வாரம் இருந்திருக்கிறது என்றால் யாரோ துடைத்துவிட்டு, சூடாக வைத்து, தண்ணீர் ஊட்டியிருக்க வேண்டும். வேட்டைக்கு அந்தக் குட்டியால் ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

அந்த நேரத்தில் மாற்றம் ஏற்கெனவே வெகுதூரம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். 11,000 ஆண்டுகளுக்கு முன்பே நாயில் குறைந்தது ஐந்து கிளைகள் பிரிந்து உலகின் பல பக்கம் பரவியிருந்தன. வேளாண்மை வந்தபின் இன்னொரு மாற்றம். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி இருக்கிறது, பெரும்பாலான நாய்களிடம் பல மடங்காகப் பெருகி, சிலவற்றில் முப்பது வரை போயிருக்கிறது. நம் வீட்டு நாய் ரசம் சோறு தின்று வளர்வதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஓநாய்க்கு ரசம் சோறு போட்டுப் பாருங்கள். முகத்திலும் மாற்றம் உண்டு. உள் புருவத்தைத் தூக்கிப் பாவமாகப் பார்க்க வைக்கும் சிறு தசை நாயிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாயிடம் அந்த இடத்தில் சில நார்கள்தான். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா" என்று நாம் கேட்கிறோமே, ஓநாயின் வால் நேராகத்தான் இருக்கும். அந்தப் பழமொழி நாய் நாயான பிறகுதான் பிறந்திருக்க முடியும்.

ஓநாயோடு நாயைக் கலந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. செய்து பார்த்துவிட்டார்கள். நெதர்லாந்தில் லேண்டர்ட் சார்லோஸ் என்பவர் 1930களில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை ஓநாயோடு சேர்த்தார். நாய் இனங்கள் பலவீனமாகிவிட்டன, ஓநாய் ரத்தம் கலந்தால் உரமேறும் என்பது அவர் எண்ணம். பிறந்தவை புதிய ஆளைக் கண்டால் ஓடி ஒளியும், புதிய இடத்தில் தவிக்கும் கூச்ச சுபாவ நாய்கள். 1975இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது, இன்றும் அந்தக் கூச்சம் போகவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1955இல் எல்லைக் காவலுக்காகத் தொடங்கிய கலப்பும் 1982இல் இனமாயிற்று. அழகான நாய்தான். ஆனால் அனுபவமில்லாத கைக்கு ஏற்றதல்ல என்று அதை வளர்ப்பவர்களே சொல்கிறார்கள். கலப்பில் குணங்கள் காபியும் பாலும்போலச் சமமாகக் கலப்பதில்லை. ஒரே ஈற்றில் ஒரு குட்டி நாய்க்குணத்தோடும் இன்னொன்று ஓநாய்க்குணத்தோடும் வரலாம், எது எதுவென்று இரண்டு வயதில்தான் தெரியும்.

பெங்களூரில் ஒருவர் 50 கோடி ரூபாய்க்கு ஓநாய் நாய் வாங்கினார் என்று 2025 மார்ச்சில் எல்லா ஊடகத்திலும் செய்தி ஓடியது நினைவிருக்கும். அடுத்த மாதமே அமலாக்கத் துறை விசாரிக்கப் போய், அந்த விலையும் கொள்முதலும் உண்மையில்லை என்று செய்தி வந்தது, அது அவ்வளவாக ஓடவில்லை. நம்மூரில் "ஓநாய்க் கலப்பு" என்று சொல்லி விற்கும் குட்டிகள் பெரும்பாலும் ஹஸ்கியும் ஜெர்மன் ஷெப்பர்டும் கலந்தவை. ஹஸ்கி முழுக்க நாய்தான், தோற்றம் மட்டும்தான் ஓநாய். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாமல் அதை வைத்திருப்பது வேறு விதக் கொடுமை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

நம் நாட்டு நாய்கள் இந்திய ஓநாயிலிருந்து நேராக வந்தவை என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெருவில் திரியும் நாட்டு நாய் எல்லாமே மற்ற நாய்கள் வந்த அதே வழியில் வந்தவைதான். இந்திய ஓநாயோ உலகின் மிகப் பழைய ஓநாய்க் கிளைகளில் ஒன்று, நாய் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே தனியாகிவிட்டது. செந்நாயை ஓநாய் என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. செந்நாய் வேறு பேரினம், நாயோடு அதற்கு இனக்கலப்பே கிடையாது. ஓநாய்க்கு நாயோடு கலப்பு நடக்கும், அதுதான் இன்று ஓநாய்க்கே ஆபத்து. புணே அருகே மேய்ச்சல் நிலங்களில் ஓநாயும் தெருநாயும் கலந்து பிறந்தவற்றை மரபணுச் சோதனையில் உறுதி செய்திருக்கிறார்கள். இந்தியா முழுவதும் ஓநாய்கள் சுமார் 3,000தான். புலியைவிடக் குறைவு என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப்பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். குட்டியாகக் கிடைத்தது, பரிதாபப்பட்டு எடுத்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது.

பரிதாபப்பட்டு எடுப்பது நிஜமாகவே நடக்கிறது. ஓநாய் புதருக்கு அடியிலோ கரையோரப் பொந்திலோ குளிர்காலத்தில் குட்டி போடும். பிறந்த குட்டி கரும்பழுப்பு நிறம், மழுங்கிய மூஞ்சி, மடங்கிய காது. பார்த்தால் தெருநாய்க் குட்டி என்றுதான் தோன்றும். தாய் இரை தேடப் போயிருக்கும். கைவிடப்பட்ட குட்டிகள் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தரிசு நிலத்திலோ காட்டோரத்திலோ அப்படிக் குட்டிகளைப் பார்த்தால் தொடாமல், பால் வைக்காமல், கூட்டம் கூட்டாமல் விலகிவிடுங்கள். ஆள் நடமாட்டம் அடங்கியதும் தாய் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். அடிபட்டிருந்தாலோ தாய் செத்துக் கிடப்பதைப் பார்த்தாலோ மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை நாய்களை அண்டவிடாதீர்கள்.